மலர் அக்காவும் எரிமலைக் கிடங்கும்

எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவர்கள் மலர் அக்காவிடம் கேட்கும் முதல் கேள்வி, "ரோல்ஸ் எப்ப போட்டது?" என்பதுதான்.

"இப்பதான் இறக்கினது" என்பார் மலர் அக்கா. விடியப் போட்டது மத்தியானம் தாண்டிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாலும் அதே பதில், அதே சிரிப்பு. கடையின் சொந்தக்காரி நான். எனக்கே அவ்வளவு வாய் கூசாமல் சொல்ல வராது.

கனடாவில் அஜின்கோர்ட் என்ற பகுதியில் ஒரு பிளாசாவின் மூலையில், பல் டொக்டருக்கும் நகைக்கடைக்கும் நடுவில் எங்கள் கடை. ஜெயமலர் என்பது முழுப்பெயர். கடை திறந்த நாளிலிருந்து என்னோடு நிற்கிறார். அவரைப் பொய்க்காரி என்று சொல்ல எனக்கு மனம் வராது, ஏனென்றால் அந்தப் பொய்களால் அவர் தனக்கென்று எதையும் சம்பாதித்ததில்லை. எதிரில் நிற்பவரின் முகம் வாடக்கூடாது, அவ்வளவுதான் அவருடைய கணக்கு. என் மகளின் அரங்கேற்றத்தில் பிள்ளை அடவைப் பிழையாகப் போட்டுத் தடுமாறியதை மண்டபமே பார்த்தது. நான் அழாக்குறையாக நின்றபோது மலர் அக்கா வந்து, அது புதுசாகச் சேர்த்த அடவு என்றுதான் தான் நினைத்ததாகச் சொன்னார். நான் நம்பவில்லை. ஆனாலும் அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கியது அந்தப் பொய்யால்தான்.

கனடாவுக்கு வந்த புதிதில் அவரும் கணவரும் நகரத்தின் மறுகோடியில், பார்க்டேலில் ஒற்றை அறையில் இருந்தார்கள். கரப்பான் பூச்சிகளோடு பங்குபோட்ட அறை. ஊருக்குப் போன் எடுத்தால் மலர் அக்கா தாயாரிடம், வீடு பெரிசு, பல்கணியும் இருக்கு என்பாராம். பல்கணி என்று அவர் சொன்னது நெருப்புப் பிடித்தால் இறங்கி ஓடுவதற்கு வெளியே பொருத்தியிருந்த இரும்புப் படியை.

கணவர் தில்லையம்பலம் நேர் எதிர். நாங்கள் தில்லை அண்ணை என்போம். நகரத்தில் பஸ் ஓட்டியவர். ஏறும் ஒவ்வொரு ஆளையும் நேரே முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லித்தான் ஏற்றுவார். ஆளை நேரே பார்த்துக் கதைக்க வேண்டும் என்பது அவருக்கு வேதம். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கதைக்கிறவன் எவனாக இருந்தாலும் அவர் கணக்கில் கள்ளன். பெட்டிக்கடை அளவில் நான் தொடங்கிய இந்தக் கடையைப் பெருப்பிக்க ஒரு பங்காளி வந்தபோது, அவன் நிலத்தைப் பார்த்துக் கதைக்கிறான், வேண்டாம் என்று தடுத்தவர் அவர்தான். அதில் அவர் சொன்னது சரியாகவும் போய்விட்டது, அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

அந்தப் பார்க்டேல் அறையில் சுவர் ஒரு இடத்தில் பெயர்ந்து ஓட்டையாக இருந்ததாம். முன்னர் இருந்தவர்கள் அதை ஒரு படத்தை ஒட்டி மறைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பச்சைப் பசேலென்று பெரிய வட்டப் பள்ளம், சுற்றிவர மலைச்சுவர், நடுவில் வெள்ளித் தட்டு மாதிரி ஒரு ஏரி. படுத்தால் கண்ணுக்கு நேரே அதுதான் தெரியும். படத்தின் அடியில் இருந்த சின்ன எழுத்தை வாசித்துத் தில்லை அண்ணை நூலகத்துக்குப் போனார். தன்சானியாவில் இருக்கும் ங்கொரொங்கோரோ என்ற எரிமலைவாய் அது என்று கண்டுபிடித்தார். அந்தப் பெயர் எங்கள் கடையில் ஒருவருக்கும் வாயில் நுழையவில்லை. பள்ளத்தைக் கிடங்கு என்று சொல்லும் ஊர்க்காரர் நாங்கள். ஆகவே அது தில்லை அண்ணையின் கிடங்கு ஆகிவிட்டது.

பின்னேரம் மனைவியைக் கூட்டிப்போக வந்தால், பால் விடாத பிளேன்ரீ ஒன்றோடு ரொட்டி மேசைக்குப் பக்கத்தில் நின்று எங்களுக்குக் கிடங்கை விளக்குவார். ஒரு கை மாவை எடுத்து மலையாகக் குவிப்பார். அடியில் விரலை விட்டு உள்மாவைத் தோண்டி எடுப்பார். மேலே இருந்தது அப்படியே உள்ளே சரிந்து இருந்துபோகும். வெடித்துப் பறந்ததால் வந்த பள்ளம் இல்லை அது என்பார். உள்ளே இருந்த நெருப்புக் குழம்பு வெளியில் போனதும், தாங்க ஒன்றும் இல்லாமல் மலையின் கூரை உள்ளே விழுந்துவிட்டது. நடந்தது மனிதன் பிறக்க எவ்வளவோ காலத்துக்கு முன்னர். இப்போது நெருப்பு இல்லை, புகை இல்லை, முழுக்க அவிந்துபோய்விட்டது. சுவரின் உயரம் எவ்வளவு என்று கேட்டால், எங்கள் நகரத்தின் ஆக உயர்ந்த கோபுரமான சி.என். ரவரைக் கொண்டுபோய் அடியில் நிறுத்தினாலும் உச்சி வெளியே வராது என்பார். அகலம்? பார்க்டேலை ஒரு விளிம்பில் வைத்தால் அஜின்கோர்ட் கிட்டத்தட்ட மற்ற விளிம்பில் வரும். எங்கட கனடாச் சீவியம் முழுக்க அதுக்குள்ள அடங்கும் என்று சொல்லிச் சிரிப்பார். ஏரிக்குத் தண்ணீர் வர வழி இருக்கிறது, வெளியே போக வழி இல்லை, வெயில் குடித்தால்தான் உண்டு, அதனால் உப்பு. காட்டு விலங்குகளுக்காகக் காவல் போட்ட இடம் என்பதால் உள்ளே ஒருவரும் குடியிருக்க முடியாது. காலையில் வாகனத்தில் இறங்கலாம், பொழுதுபட முன்னர் எல்லோரும் ஏறிவிட வேண்டும். வாகனத்தை விட்டு நினைத்த இடத்தில் கால் வைக்கவும் விடமாட்டார்கள்.

போகவேணும், போகவேணும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை பிறந்தது, வீடு வாங்கினார்கள், மகள் நிலாணி படித்துக் கல்கரிக்கு வேலைக்குப் போனாள். படம் மட்டும் வீட்டுக்கு வீடு கூடவே வந்தது.

பிறகு கண் வந்து குறுக்கே நின்றது. பஸ்ஸில் ஏறுகிறவர்களின் முகம் அவருக்குத் தெரியாமல் போகத் தொடங்கியது. காது தெரியும், தொப்பி தெரியும், நடுவில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மங்கல். ஒருவரும் சொல்ல முன்னர், தானாகவே போய் இனி ஓட்டமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். டொக்டர் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் பார்வையின் நடுப்பகுதி அழிந்துகொண்டு வருகிறது என்றார். ஊசி போட்டு வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது. ஓரப் பார்வை மட்டும் கடைசிவரை இருக்கும்.

அந்த ஓரப் பார்வையை வைத்துச் சமாளிக்கப் பழக்குவதற்குக் கரோலின் என்று ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள். நீ பார்க்க விரும்பும் பொருளைப் பார்க்காதே, அதற்குப் பக்கத்தில் பார், அப்போது பொருள் தெரியும் என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். தில்லை அண்ணை கொதித்துப்போய்க் கடைக்கு வந்தார்.

"ஆளைப் பாக்கிறதுக்கு வேற திக்கைப் பாக்கிறதோ? உது கள்ளன்ர வேலை" என்றார். அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை, பிடித்த பிடியில் நின்றார்.

இங்கேதான் மலர் அக்கா தன்னுடைய பழைய வேலையைத் தொடங்கினார். தில்லை அண்ணைக்கு எது தெரியவில்லையோ அது தனக்கும் தெரியவில்லை என்று சொல்லத் தொடங்கினார். மருந்துப் போத்தலில் எழுத்து தெரியவில்லை என்றால், "எனக்கும் தெரியேல்லை, சின்ன எழுத்து" என்பார். கோயிலில் எழுதி வைத்த அறிவித்தல், தொலைக்காட்சியில் ஓடும் வரி, தூரத்தில் கை காட்டும் ஆள், எல்லாவற்றுக்கும் அதே பதில். ஒருநாள் கடை வாசலில் நானே கண்டேன். பஸ்ஸின் நெற்றியில் நம்பர் விளக்காக எரிந்துகொண்டு வருகிறது. தில்லை அண்ணை என்ன நம்பர் என்று கேட்க, மலர் அக்கா கூசாமல், "எனக்கும் தெரியேல்லை" என்கிறார். சொல்லிவிட்டு அதே பஸ்ஸில் அவரைக் கையைப் பிடித்து ஏற்றுகிறார்.

அடுத்த நாள் நான் விட்டுவைக்கவில்லை. அந்த மனுசன் என்ன முட்டாளா என்று கேட்டேன். மலர் அக்கா ரோல்ஸ் சுற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

"அவர் தெரியாத பக்கத்தில தனிய நிக்கக்கூடாது பிள்ளை. நானும் அங்க நிக்கிறன், அவ்வளவுதான்."

ஆனால் தில்லை அண்ணைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஒரு பின்னேரம் மலர் அக்கா உள்ளே உடை மாற்றிக்கொண்டிருந்த நேரம், குரலைத் தணித்து என்னிடம் சொன்னார்.

"நாளைக்கு இவள்தான் எனக்குக் கண். ஆனால் இவள் சொல்லுறதில எது உண்மை, எது எனக்காகச் சொல்லுறதெண்டு நான் என்னெண்டு பிடிக்கிறது?"

அவர் பயந்தது இருட்டுக்கு இல்லை. இருட்டில் கையைப் பிடிக்கிற ஆளை நம்ப முடியாமல் போய்விடுமோ என்றுதான் பயந்தார். பாவமாக இருந்தது. இரண்டு பேரிலும் எனக்குக் கோபமாகவும் இருந்தது.

நிலாணிதான் வெட்டொன்று துண்டிரண்டாக முடிவெடுத்தாள். அப்பாவின் கண் இருக்கிறபோதே கிடங்கைப் பார்க்க வேண்டும் என்று ஒழுங்கெல்லாம் செய்து, பயணச்சீட்டை அனுப்பிவிட்டுத்தான் தாய்க்குச் சொன்னாள். மலர் அக்கா எங்கள் அடுப்பிலேயே ஒரு பை நிறையத் தட்டை வடை சுட்டுக் கட்டிக்கொண்டார். நிலவுக்குப் போனாலும் எங்கள் சனம் வடையில்லாமல் போகாது.

அங்கே நடந்ததை இரண்டு பேரும் வேறுவேறு நாளில் தனித்தனியாக வந்து எனக்குச் சொன்னார்கள். இரண்டும் பொருந்தி வந்தது. மலர் அக்கா சொன்ன கதையும் பொருந்தி வந்ததுதான் எனக்கு அதிசயம்.

காலையில் வாகனக்காரன் அவர்களைக் கிடங்கின் விளிம்புக்குக் கொண்டுபோனான். முழுக் கிடங்கும் காலடியில் தெரியும் இடம் அது. தில்லை அண்ணை சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கோயிலுக்குள் போகிறவர் மாதிரி மெதுவாக நடந்துபோய் நின்றார். முன்னால் ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. பக்கத்தில் ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டு படம் எடுக்கும் சத்தம் கேட்டது. அவர்கள் எடுத்தது தங்கள் முகத்தை, அது இவருக்குத் தெரியாது. தன் சப்பாத்து தெரிந்தது, பக்கத்தில் மனைவியின் சிவப்பு ஜக்கெற் தெரிந்தது. தூரம் மட்டும் இல்லை. எல்லோரும் பார்க்கிறார்கள், தனக்குத் தூரப்பார்வை முழுக்கப் போய்விட்டது என்று நினைத்துவிட்டார். அந்த நேரம் நெஞ்சுக்குள் ஏதோ இருந்துபோனது என்று என்னிடம் சொன்னார்.

"ஒண்டும் தெரியேல்லை, மலர்."

மலர் அக்காவுக்கும் ஒன்றும் தெரியவில்லை. கிடங்கின் விளிம்பில் பனிமூட்டம் தடிப்பாகக் குந்தியிருந்தது. கையை நீட்டினால் விரல் நுனியே மங்கலாகத் தெரிந்தது.

"எனக்கும் தெரியேல்லை" என்றார்.

சொன்ன கணத்திலேயே அது எப்படிக் கேட்டிருக்கும் என்று அவருக்கு விளங்கிவிட்டது. அவசரமாக, முழுக்கப் பனி, ஒருவருக்கும் தெரியாது, சத்தியமாகத் தெரியாது என்று அடுக்கினார். அடுக்க அடுக்க இன்னும் பொய்யாகக் கேட்டது. ரோல்சுக்கு நல்லூர்க் கந்தன் மேல் சத்தியம் பண்ணுகிற வாய் அது. இப்போது எதில் சத்தியம் பண்ணுவது?

"காணும், விடு மலர்" என்றார் தில்லை அண்ணை. "இஞ்ச வந்தாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லையாம். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றார் மலர் அக்கா. தில்லை அண்ணை போய் வாகனத்துக்குள் இருந்துகொண்டு, திரும்பிப் போவோம், தங்குமிடத்துக்கு விடச் சொல்லு என்றார்.

கட்டின நாளிலிருந்து கணவரின் சொல்லை நேருக்கு நேர் மறுத்திராத மலர் அக்கா, அன்று மறுத்தார். வாகனக்காரனிடம் போய், தன் கடை இங்கிலீசில், கீழேயும் இப்படித்தானா என்று கேட்டார். இல்லை, பனி விளிம்பில்தான் நிற்கும், கீழே நல்ல வெயில் என்றான் அவன். அப்படியென்றால் இறக்கு என்று சொல்லிவிட்டு ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினார்.

சுவரைச் சுற்றி வழி இறங்கியது. கொஞ்சத் தூரத்தில் பனி மேலே போய்விட்டது. பாதை ஓரத்தில் கள்ளி, அதுவும் பனை அளவு வளர்ந்து கிளை விட்ட கள்ளி. ஊரில் வேலிக்கு நட்ட கள்ளி இங்கே மரமாகி நிற்கிறது என்று சொல்ல மலர் அக்காவுக்கு வாய் துடித்தது. சொல்லவில்லை. தான் இனி எதைச் சொன்னாலும் அது கணவரிடம் எடுபடாது என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். தில்லை அண்ணையும் கேட்கவில்லை. கிடங்கின் அடிக்கு இறங்கி, வரிக்குதிரைகளுக்கு நடுவால் வெகுநேரம் போனார்கள். வாகனக்காரன் மட்டும் கதைத்துக்கொண்டு வந்தான்.

நீர்யானைகள் கிடக்கும் ஒரு குளக்கரையில் மட்டும் இறங்கி நிற்க விடுவார்கள். அங்கே இறங்கினார்கள். வெளியில் வைத்துச் சாப்பிட வேண்டாம் என்று வாகனக்காரன் சொல்லியிருந்தான். மலர் அக்கா கேட்பவரா? அழுகையை அடக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி யாருக்காவது சாப்பாடு கொடுப்பதுதான். பையைத் திறந்து ஒரு வடையை எடுத்து நீட்டினார்.

தில்லை அண்ணை சட்டென்று அவருடைய தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். அவர் நின்ற இடத்தைச் சீவிக்கொண்டு ஒரு பருந்து பாய்ந்துபோனது. வடை போய்விட்டது, விரல் தப்பியது.

"பருந்து" என்றார் அவர்.

தனக்குப் பின்னாலிருந்து வந்த பருந்து உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று மலர் அக்கா கேட்டார். தில்லை அண்ணைக்கே தெரியவில்லை. ஓரத்தால் ஏதோ அசைந்தது, கை தானாகப் போனது. அப்படியே நின்று யோசித்தார். பிறகு தலையை நிமிர்த்தி, முதல் தடவையாக அந்த இடத்தைப் பார்த்தார்.

நேரே ஏரியைத் தேடினார். ஏரி இருக்கவேண்டிய இடத்தில் வழக்கமான மங்கல். ஆனால் மங்கலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மலைச்சுவர் நீலமாக நின்றது. திரும்பினார், அங்கேயும் சுவர். இன்னும் திரும்பினார், விடாமல் சுவர் கூடவே வந்தது. விளிம்பில் நின்று பார்த்திருந்தால் பார்த்த இடமெல்லாம் ஓட்டையாகத்தான் இருந்திருக்கும் என்று அவர் என்னிடம் சொன்னார். அடியில் நடுவில் நிற்கிறவனுக்கு எல்லாம் சுற்றிவரத்தான் இருக்கிறது. சுற்றிவரப் பார்க்கத்தான் தன் கண்ணுக்கு இன்னும் பலம் இருக்கிறது. குழந்தை மாதிரி நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாராம்.

சுற்றி வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். அங்கே சுவரின் மேல்விளிம்பு தெரியவில்லை. பால் பொங்கிச் சட்டி விளிம்பில் நிற்கிற மாதிரி வெள்ளையாக ஏதோ அதன் மேல் கிடந்தது.

"மலர், அங்க மேல வெள்ளையாக் கிடக்கிறது என்ன?"

"பனி."

"காலமை நாங்கள் நிண்ட இடம் அதுதானோ?"

"ஓம்."

"அப்ப உனக்கும் தெரியேல்லைத்தான்" என்றார் தில்லை அண்ணை.

பிறகு மலர் அக்காவை நேரே பார்த்தார். முகம் இருக்கவேண்டிய இடத்தில் மங்கல்தான். பனி எப்படித் தெரிந்தது என்று யோசித்தார். பனியைத் தான் நேரே பார்க்கவில்லை, பக்கத்துச் சுவரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கரோலின் சொன்னது அப்போதுதான் மண்டையில் ஏறியது. வாழ்க்கையில் ஒருநாளும் செய்யாத வேலையை, கள்ளன்ர வேலை என்று தானே சொன்ன வேலையை, அவர் செய்தார். மனைவியின் முகத்திலிருந்து தன் முகத்தைத் திருப்பி, குளத்தைப் பார்த்தார்.

"ஏன் அழுறாய்?" என்று கேட்டார், குளத்தைப் பார்த்துக்கொண்டே.

"அழேல்லை, தூசி" என்றார் மலர் அக்கா. வழக்கம் அப்படி, உடனே விட்டுப் போகுமா? பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார். "இல்லை. ஓம். அழுறன்."

பொழுதுபட முன்னர் எல்லோரையும் போல அவர்களும் ஏறி வெளியே வந்தார்கள். திரும்பும் வழியெல்லாம் மலர் அக்கா வாய் மூடவில்லையாம். கள்ளி மரத்திலிருந்து எருமையின் கொம்பு வரை எல்லாவற்றையும் சொன்னார். தெரியாததை மட்டும் தெரியவில்லை என்றார்.

அவருக்கு நல்லது, எனக்குத்தான் கஷ்டம். ரோல்ஸ் எப்ப போட்டது என்று கேட்டால் இப்போது, "விடிய" என்கிறார். முதல் மாதம் சனம் முகத்தைச் சுளித்துக்கொண்டு ரோல்சை விட்டுப் பற்றிஸ் பலகாரத்துக்குப் போனது. இப்போது எப்ப புதுசு வரும் என்று அவரிடமே கேட்டு, நின்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். என் புதுப் பிளவுஸ் எப்படி என்று போன கிழமை தெரியாத்தனமாக அவரிடம் கேட்டுவிட்டேன். இனிக் கேட்கமாட்டேன்.

தில்லை அண்ணை திரும்பவும் கரோலினிடம் போய்வருகிறார். நடுப்பார்வை இன்னும் குறைந்துவிட்டது. பின்னேரம் அவரே வந்து மனைவியைக் கூட்டிக்கொண்டு போகிறார். எங்கள் கடைக் கண்ணாடியால் பார்த்தால் பஸ் தரிப்பில் இரண்டு பேரும் நிற்பது தெரியும். மலர் அக்கா கையை ஆட்டி ஆட்டிக் கதைப்பார். தில்லை அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டு பல் டொக்டரின் பெயர்ப்பலகையைப் பார்த்தபடி நிற்பார்.

நேற்று ஒரு புது வாடிக்கைக்காரப் பிள்ளை சாப்பாட்டுக்குக் காத்துநின்றபோது அதைக் கவனித்துவிட்டு, அந்த அங்கிளுக்கு அன்ரியோட கோபமோ, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாரே என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை" என்றேன். "அவவின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறார்."